ஆறுமுகத்தை நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

செந்தூல்காரன்:

என் அக்காள் மகனுக்குப் பதினான்கு வயது. பள்ளிக் கால்பந்து அணியில் கோல் கீப்பர். போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் 'ஸ்பைடர்மேன்' ஆறுமுகம் என்று பேச்செடுத்தேன். ஏதோ சினிமாவைப் பற்றிச் சொல்கிறேன் என்று நினைத்துத் தலையாட்டினான். ஆர். ஆறுமுகம், 1953-இல் இன்றைய போர்ட் கிள்ளானில் பிறந்தவர், எழுபதுகளிலும் எண்பதுகளிலும் சிலாங்கூர் மாநிலத்துக்கும் மலேசிய நாட்டுக்கும் கோல் காத்தவர், 1988 டிசம்பரில் சாலை விபத்தில் 35 வயதில் இறந்துபோனவர் என்று ஒப்பித்துவிட்டுக் கைப்பேசியில் இரண்டு மங்கலான படங்களைக் காட்டினேன். "கை நீளம்தான், மாமா" என்றான். அதற்குமேல் சொல்ல எனக்கும் வரவில்லை.

அதனால் கேட்கிறேன். எத்தனை ஆட்டம், எத்தனை கிண்ணம் என்ற கணக்கு வேண்டாம். அவரைக் கண்ணால் பார்த்தது வேண்டும்.

நானே தொடங்குகிறேன். 1980 ஏப்ரல் 6, கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கம். மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறத் தென்கொரியாவுடன் கடைசி ஆட்டம். சித்தப்பா அழைத்துப் போயிருந்தார். கோல் கம்பத்துக்குப் பின்னால் சிமெண்டுப் படியில், பெரியவர்களின் முழங்கைகளுக்கு நடுவே நான். கச்சாங் பூத்தே கடலைப் பொட்டலம் சட்டைப்பையிலேயே நசுங்கிவிட்டது. முதல் பாதி முழுவதும் எனக்குத் தெரிந்தது ஆறுமுகத்தின் முதுகுதான். பந்து எங்கோ மறுகோடியில் இருக்கும். இவர் பெனால்டி கட்டத்தின் விளிம்புவரை போவார், திரும்புவார், மறுபடி போவார். பிரசவ அறைக்கு வெளியே நடக்கும் தகப்பனைப்போல. கார்னர் வந்தால் கொரியர்களின் தலைகள் மொத்தமாக எழும்பும். அந்தத் தலைகளுக்கு மேலே இரண்டு கைகள் மட்டும் தனியாகப் போவது தெரியும்.

இரண்டாம் பாதியில் பக்கம் மாறிக்கொண்டார்கள். ஹசான் சானி கொடுத்து ஜேம்ஸ் வோங் அடித்த அந்த வெற்றிக் கோல் எங்கள் மூக்குக்கு நேரே விழுந்தது என்பார் சித்தப்பா. நான் பார்க்கவில்லை. பழக்கதோஷத்தில் தூரத்துக் கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே இரண்டு கைகளும் வானத்துக்குப் போனதைப் பார்த்துத்தான் நாம் கோல் போட்டுவிட்டோம் என்று எனக்குத் தெரிந்தது.

2-1. ஆனால் மாஸ்கோவுக்குப் போகவில்லை. ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை புகுந்ததைக் கண்டித்து மலேசியாவும் ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. நம் இடத்தில் ஈராக் போய் ஆடியது. அதுவரை அரசியல் பேசாத சித்தப்பா அந்த ஆண்டு முழுவதும் அரசியலே பேசினார்.

துறைமுகத்தான்:

எங்கள் ஊர்க்காரர் என்று சொல்லிக்கொள்ள எனக்கும் கொஞ்சம் பாத்தியதை உண்டு. அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். மாநில அணிகள் மோதும் மலேசியக் கிண்ணத்தில் ஓர் ஆட்டம் முடிந்து, ஆட்டக்காரர்கள் வெளியே வரும் வாசலில் என்னைத் தோளில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். எந்த ஆண்டு என்று கேட்காதீர்கள், தெரியாது. மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஆறுமுகம் வந்தபோது அப்பா என் கையைப் பிடித்து அவர் பக்கம் நீட்டினார். அவர் வாங்கிக் குலுக்கினார். என் கை மணிக்கட்டுவரை காணாமல் போனது. என்ன சொன்னார், சொன்னாரா என்பதுகூட நினைவில் இல்லை. அந்தக் கை சூடாக இருந்தது, அதில் ஈரமண் ஒட்டியிருந்தது. வீட்டுக்கு வந்து கை கழுவ மாட்டேன் என்று அடம்பிடித்து அம்மாவிடம் அடி வாங்கினேன்.

ரவாங் வாசி:

1972 முனிச் ஒலிம்பிக்கில் ஆடியதும் இவர்தானே? என் அப்பா அப்படித்தான் சொல்வார்.

ஈப்போ ஆசிரியர் (ஓய்வு):

இல்லை, தம்பி. அப்பா இரண்டு காலத்தைக் கலந்துவிட்டார். முனிச் அணியில் ஆறுமுகம் இல்லை. தேசிய அணிக்குள் அவர் வந்தது அதற்கு அடுத்த ஆண்டு. அறுபதுகளில் நம் கோலில் நின்றவர் சௌ சீ கியோங். ஐந்து முறை ஆசியாவின் சிறந்த கோல் கீப்பர் என்று பெயர் வாங்கியவர். அவர் நின்ற இடத்தில் பின்னால் வந்து நிற்பதென்றால் யாருக்கும் முழங்கால் நடுங்கும். ஆறுமுகம் நின்றார்.

நான் பார்த்தது எழுபதுகளின் பிற்பகுதியில்தான். அவருக்கு முன்னால் சந்தோக் சிங்கும் 'தவுக்கே' சோ சின் ஆனும் நிற்பார்கள். இந்த இருவரைத் தாண்டுவதே பெரும்பாடு. தாண்டி வந்தவன் நிமிர்ந்து பார்த்தால் எதிரே ஒரு மனிதர் கைகளை விரித்துக்கொண்டு ஓடிவருவார். அடிக்கவேண்டியவன் ஒரு கணம் தயங்குவான். அந்தக் கணம் போதும். அவர் பாய்ந்து தடுத்த பந்துகளைவிட, பயந்து வெளியே அடிக்கப்பட்ட பந்துகள்தான் அதிகம் என்பது என் அபிப்பிராயம். 1977-இலும் 1979-இலும் தென்கிழக்காசியப் போட்டியில் தங்கம் சும்மா வரவில்லை.

இன்னொன்று. இளைஞர்கள் அவரைத் தொழில்முறை ஆட்டக்காரர் என்று எழுதுகிறார்கள். அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் பகலில் வங்கியிலோ ஏதாவது ஓர் அலுவலகத்திலோ வேலை பார்த்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு வந்தவர்கள். நம் நாட்டில் பாதித் தொழில்முறை லீக் தொடங்கியது 1989-இல். முழுத் தொழில்முறை 1994-இல். அவர் போனது 1988 டிசம்பரில். பந்து பிடித்தே குடும்பம் நடத்தலாம் என்ற காலம் சில மாதங்களில் வந்துவிட்டது. வந்த வேகத்திலேயே ஆட்டத்தை விலைபேசும் கும்பலும் வந்தது என்பது வேறு கதை. இங்கே வேண்டாம், எனக்கு இரத்தக்கொதிப்பு இருக்கிறது.

காலாங் ரசிகன்:

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன், அடிக்க வராதீர்கள். அந்தக் காலத்தில் எங்கள் அணியும் ஆடிய மலேசியக் கிண்ணத்தில் எங்களுக்குச் சிலாங்கூர் என்றாலே எரியும். 1978, 1979 இரண்டு ஆண்டும் இறுதி ஆட்டத்தில் உங்களிடம் தோற்றோம். 1980-இல் 2-1 என்று வென்று கிண்ணத்தைக் கொண்டுவந்தோம். அடுத்த ஆண்டு மறுபடி 0-4. இப்படியே போகும்.

எங்கள் வீட்டில் வானொலிக்கு முன்னால் அப்பாவும் பெரியப்பாவும் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருப்பார்கள். அம்மா அடுக்களையிலிருந்து கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "நம் பிள்ளை எப்படி ஆடுகிறான்?" அம்மாவின் பிள்ளை ஆறுமுகம். அப்பாவுக்குக் கோபம் வரும். "அவன் எதிர்க்கட்சி!" என்பார். அம்மா கரண்டியை நிறுத்தாமல், "முருகன் பேரை வைத்திருக்கிறான். பன்னிரண்டு கைக்காரனுக்கு நீங்கள் எப்படிக் கோல் போடுவீர்கள்?" என்பார். அந்த ஒரு விஷயத்தில் அப்பாவுக்குக் கடைசிவரை பதில் கிடைக்கவில்லை.

முன்னாள் கீப்பர்:

நான் அவரைப் பார்த்ததில்லை. நான் பிறந்தபோது அவர் இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன். ஓர் அணியில் மூன்றாவது கீப்பராக ஒரு பருவம் இருந்தேன். அணியின் பெயர் வேண்டாம். ஒப்பந்தம் உண்டு, படம் உண்டு, என் பெயர் போட்ட சட்டை உண்டு. நான்கு மாதச் சம்பளம் மட்டும் இல்லை. அறை வாடகைக்கு அப்பாவிடம் பணம் வாங்கினேன். ஈப்போ ஐயா சொன்ன அலுவலக வேலைக் கதையைப் படித்தபோது, ஆறுமுகத்தின் காலத்தில் மாதம் பிறந்தால் சம்பளமாவது வந்திருக்குமே என்று தோன்றியது.

அப்பாவுடன் நான் பார்த்த பெரிய ஆட்டம் 2010 டிசம்பர் 26, புக்கிட் ஜாலில். தென்கிழக்காசிய நாடுகள் மோதும் சுசுகி கிண்ண இறுதியின் முதல் ஆட்டம், இந்தோனேசியாவை 3-0 என்று அடித்தோம். பயிற்றுநர் கே. ராஜகோபால். கூட்டத்திலிருந்து யாரோ லேசர் அடித்ததால் ஆட்டம் கொஞ்ச நேரம் நின்றது, வெட்கமாக இருந்தது. நாடே நம் கீப்பர் காய்ருல் பாமியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அப்பா என் காதில், "நல்ல பையன். ஆனால் இவன் கை..." என்று இழுத்தார். முடிக்கவில்லை. யாரோடு ஒப்பிடுகிறார் என்று எனக்குத் தெரியும்.

லைன் வீட்டுப் பெண்:

கோலா சிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டம். எனக்கு மூன்று அண்ணன்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பாடாங்கில், அதாவது திடலில், இரண்டு எண்ணெய் டின்னை வைத்தால் அதுதான் கோல். எல்லாருக்கும் கோல் அடிக்கும் மொக்தார் டஹாரி ஆகவேண்டும். கோலில் நிற்க ஆள் கிடைக்காது. ஒன்பது வயது, பாவாடை கட்டிய என்னைப் பிடித்து நிறுத்தி, "நீதான் ஆறுமுகம்" என்றார்கள். பக்கத்து மலாய்க் கிராமத்துப் பையன்கள் விளையாட வந்தாலும் இதே கதைதான். கோலில் நிற்பவன் அகமதுவாக இருந்தாலும் ஆறுமுகம்தான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆறுமுகம் என்பது அந்த வேலைக்குப் பெயர் என்றே நான் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். தோட்டத்தில் மண்டோர் (மேற்பார்வையாளர்), கிராணி (எழுத்தர்) என்பதுபோல. பிறகு ஒருநாள் கிராணி வீட்டுச் சன்னலுக்கு வெளியே நின்று தொலைக்காட்சியில் ஆட்டம் பார்த்தேன். அண்ணன் விரலை நீட்டி, "அதோ ஆறுமுகம்" என்றார். நம்மைப்போலவே கறுத்த, ஒல்லியான ஒருவர். நான் என் கைகளை நீட்டி அளந்து பார்த்தேன். அப்போது மழை வந்தது, கிராணியம்மா சன்னலைச் சாத்திவிட்டார். நான் பார்த்தது அவ்வளவுதான், ஐந்து நிமிடம் இருக்கும்.

1988-இல் ஷா ஆலமில் தொழிற்சாலை வேலை. காலையில் பஸ் ஏறினால் ஓட்டுநர் நாளிதழை ஸ்டியரிங்மேல் விரித்து வைத்திருந்தார். மலாய்க்காரர், எப்போதும் வாய் ஓயாதவர். அன்று எதுவும் பேசாமல், ஏறுகிற ஒவ்வொருவருக்கும் அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். நான் என் இருக்கைக்குப் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவள் "உறவா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

செந்தூல்காரன்:

அக்கா, இதைப் பையனுக்கு வாசித்துக் காட்டினேன். அவனுக்கு ஒரே ஒரு கேள்வி: எண்ணெய் டின்னுக்கு நடுவே நின்று பந்தைப் பிடித்தீர்களா, விட்டீர்களா?

லைன் வீட்டுப் பெண்:

விட்டதுதான் அதிகம், தம்பி. பிடித்தது நன்றாக நினைவிருப்பது ஒன்று. மூத்த அண்ணன் அடித்த பெனால்டி. அவருக்கு இப்போது அறுபத்தாறு வயது. அது டின்னுக்கு வெளியே போனது என்று இன்றைக்கும் சாதிக்கிறார்.