டெக்சாஸில் ஹைஸ்கூல் மாற்றம்: புது வீடு தயாராகாத நிலையில் மகள் வார்சிட்டி டென்னிஸ் ஆட முடியுமா?

பிளேனோ வாசி (கேள்வி)

வணக்கம். பிளேனோவிலிருந்து வடக்கே வேறு ஐஎஸ்டிக்கு (பொதுப்பள்ளிகளை நடத்தும் உள்ளூர் பள்ளி மாவட்டம்) குடிபோகிறோம். புது வீட்டை பில்டர் அக்டோபர் நடுவில்தான் கையில் கொடுப்பார். பள்ளி ஆகஸ்டிலேயே திறந்துவிடும். மகள் 11ஆம் வகுப்பு போகிறாள். இப்போதைய பள்ளியில் 9, 10 இரண்டு வருடமும் டென்னிஸ் டீமில் இருந்தாள். பில்டர் ஒப்பந்தத்தைக் காட்டினால் ஆகஸ்டிலேயே சேர்த்துக்கொள்வதாகப் புதுப் பள்ளி சொல்லிவிட்டது. வார்சிட்டி (பள்ளியின் முதன்மை அணி) ஆடலாமா என்று கேட்டால் மட்டும் "பிஏபிஎஃப் படிவம் போடுங்கள், பிறகு சொல்கிறோம்" என்கிறார்கள்.

அக்டோபர் வரை நானும் மகளும் மட்டும் அந்தப் பள்ளியின் ஸோனுக்குள் (அந்தப் பள்ளிக்கு உரிய குடியிருப்பு எல்லை) அப்பார்ட்மெண்ட் எடுத்துக்கொண்டு, கணவரும் மகனும் பழைய வீட்டிலேயே இருந்தால் போதுமா? பழைய வீட்டை விற்காமல் வாடகைக்கு விடும் எண்ணமும் இருக்கிறது. நாங்கள் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறோம். வோட்டர் பதிவெல்லாம் பார்ப்பார்கள் என்கிறார்களே, அதற்கு என்ன செய்வது?

பேஸ்லைன்

மேடம், முதலில் இரண்டு விஷயங்களைத் தனித்தனியாக வையுங்கள். பள்ளியில் இடம் கொடுப்பது ஐஎஸ்டியின் முடிவு. வார்சிட்டி ஆடும் தகுதி யுஐஎல் (டெக்சாஸ் பள்ளிப் போட்டிகளை நடத்தும் அமைப்பு) விதிப்படி தீர்மானமாவது. பில்டர் ஒப்பந்தம் முதலாவதற்குப் போதும், இரண்டாவதற்குப் போதாது. ஐஎஸ்டி தருகிற டிரான்ஸ்ஃபர் அனுமதியும் அப்படித்தான். ஐபி (இண்டர்நேஷனல் பாக்கலோரியேட்) படிப்புக்காக ஊருக்குள்ளேயே வேறு ஹைஸ்கூலுக்கு மாற அனுமதி வாங்கியவர்கள் பலர் இங்கேதான் இடறுகிறார்கள். வகுப்பில் உட்காரலாம், ஜேவி (வார்சிட்டிக்கு அடுத்த இரண்டாம் நிலை அணி) ஆடலாம், வார்சிட்டிக்கு ஒரு முழு வருடம் காத்திருக்க வேண்டும்.

யுஐஎல் விதிநூலில் பிரிவு 442 குடியிருப்பு பற்றியது. புதுப் பள்ளியின் முதல் வருடத்தில் மாணவி தன் பெற்றோருடன் அந்தப் பள்ளியின் ஸோனுக்குள் வசிக்க வேண்டும் என்பது அடிப்படை. குடிமாற்றம் முழுமையாகவும் நிரந்தரமாகவும் இருக்க வேண்டும். நீங்கள் சொன்ன ஏற்பாடு இந்த இடத்தில்தான் உடைகிறது. புது வீடு குடும்பம் முழுவதும் வசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்று விதியில் தெளிவாகவே உள்ளது. அம்மாவும் பெண்ணும் அப்பார்ட்மெண்ட்டில், அப்பாவும் தம்பியும் பழைய வீட்டில் என்றால் குடும்பம் இன்னும் குடிபெயரவில்லை என்றே தகுதியைத் தீர்மானிக்கும் கமிட்டி எடுத்துக்கொள்ளும்.

ஆகஸ்டிலிருந்தே ஆட வேண்டுமென்றால் நால்வரும் பள்ளி திறக்கும் முன்பே அப்பார்ட்மெண்ட்டுக்கு வந்துவிட வேண்டும். லீஸ் நியாயமான காலத்துக்கு இருக்க வேண்டும் என்கிறது விதி. மாதாமாதம் புதுப்பிக்கும் லீஸ் சந்தேகத்தைத்தான் கிளப்பும். ஆறு மாதம் எடுங்கள், வீடு தள்ளிப்போனாலும் உதவும். இரண்டு படுக்கையறையாவது இருக்கட்டும். நால்வருக்கு ஒற்றை அறை என்றால் யாரும் நம்பமாட்டார்கள்.

பலர் கவனிக்காத ஒன்று: அப்பார்ட்மெண்ட்டும் கட்டிக்கொண்டிருக்கும் வீடும் ஒரே ஹைஸ்கூலின் ஸோனுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே ஐஎஸ்டி என்பதால் மட்டும் ஒன்றும் ஆகாது. வளர்ந்துவரும் ஊர்களில் சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு பள்ளி, அந்தப் பக்கம் வேறு பள்ளி. ஐஎஸ்டி இணையதளத்தில் வீட்டு எண்ணோடு முகவரி போட்டுத் தேடுங்கள். பில்டரின் விற்பனை அலுவலகத்தில் சொல்வதை மட்டும் நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

பழைய வீட்டு விஷயம் இது. அங்கே உங்கள் சாமான் எதுவும் இருக்கக் கூடாது. புது வீடு வரும்வரை வைக்க இடமில்லையென்றால் ஸ்டோரேஜ் யூனிட் எடுங்கள். கேரேஜில்கூட விட்டுவைக்காதீர்கள். மின்சாரம், தண்ணீர், இண்டர்நெட் எல்லாம் உங்கள் பெயரிலிருந்து நீங்க வேண்டும். தபால் நிலையத்தில் முகவரி மாற்றம் கொடுத்து அந்த உறுதிக் கடிதத்தை வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் டிரைவிங் லைசென்ஸ் உள்ள எல்லோரும் அதை வழங்கும் டிபிஎஸ் துறையில் முகவரி மாற்ற வேண்டும். டெக்சாஸ் சட்டப்படியே அதற்கு 30 நாள்தான்.

விற்பதா வாடகைக்கு விடுவதா என்றால், விதியின் சொற்கள் வீடு விற்றிருக்க வேண்டும் அல்லது நியாய விலைக்கு விற்பனைக்கு வைத்திருக்க வேண்டும் என்கின்றன. வாடகைக்கு விட்டே ஆக வேண்டுமென்றால் குடும்பத்துக்குச் சம்பந்தமில்லாதவருக்கு விடுங்கள். கையெழுத்தான ஒப்பந்தமும் வாடகைதாரர் பெயரிலான மின் கணக்கும் தயாராக வைத்து, புதுப் பள்ளியின் விளையாட்டுப் பொறுப்பாளரிடம் முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். "விடப்போகிறோம்" என்று சொல்லிக் காலியாகக் கிடக்கும் வீடுதான் ஆபத்து.

சொத்து வரியில் தரும் ஹோம்ஸ்டெட் வரிவிலக்கையும் மறந்துவிடாதீர்கள். அது நீங்கள் வசிக்கும் முதன்மை வீட்டுக்கு மட்டுமே கிடைப்பது. பழைய வீட்டில் அது தொடர்ந்தால் "என் வீடு அதுதான்" என்று நீங்களே அரசிடம் சொன்னதாகிறது. சொத்து வரிக்காக வீடுகளை மதிப்பிடும் கவுண்டி அப்ரெய்சல் டிஸ்ட்ரிக்ட் தளத்தில் யார் வேண்டுமானாலும் அரை நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

கேட்டி தமிழ்

பேஸ்லைன் அண்ணா சொன்னதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். வீடு முழுவதும் மாறினாலே தகுதி வந்துவிடும் என்ற எண்ணம் பிறக்கக் கூடாது. பிரிவு 443 தனி. விளையாட்டுக்காகவே பள்ளி மாறியதாகத் தீர்ப்பானால், பெற்றோர் இருவரும் குடிபெயர்ந்திருந்தாலும் குறைந்தது ஒரு காலண்டர் வருடம் வார்சிட்டி கிடையாது.

அதைத் தீர்மானிப்பது டிஸ்ட்ரிக்ட் எக்ஸிக்யூட்டிவ் கமிட்டி. இங்கே டிஸ்ட்ரிக்ட் என்றால் ஐஎஸ்டி என்று நினைக்காதீர்கள். ஒன்றுக்கொன்று போட்டியிடும் பள்ளிகளை யுஐஎல் சேர்த்துக் கட்டிய குழு அது. உங்கள் மகளோடு மோதப்போகிற பள்ளிகளின் பிரதிநிதிகளே அந்தக் கமிட்டியில் உட்காருகிறார்கள். அதனால் காகிதத்தில் ஓட்டை இருந்தால் கண்ணில் படாமல் போகாது.

பிஏபிஎஃப் என்பது முந்தைய பள்ளியில் விளையாடிய விவரப் படிவம். எட்டாம் வகுப்பு முதல் முந்தைய பள்ளிக்காக எந்த விளையாட்டில் இறங்கியிருந்தாலும் அது வேண்டும். ஜேவி ஆட்டமும் கணக்கில் வரும். பெற்றோரும் மாணவியும் தங்கள் பகுதியை நிரப்ப வேண்டும். பழைய பள்ளி தன் பகுதியை நிரப்பும். புதுப் பள்ளி அதை வாங்கிக் கமிட்டித் தலைவருக்கு அனுப்பும். இது முடியும் முன் ஒரு வார்சிட்டி ஆட்டம் ஆடினாலும் தகுதியற்றவரை இறக்கியதாகிவிடும், டீம் ஆட்டமென்றால் அந்த வெற்றி பறிபோகும். பாதிப்பு மகளோடு நிற்பதில்லை, கூட ஆடும் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான்.

பெரும்பாலும் தாமதமாவது பழைய பள்ளியின் பகுதி. ஜூலையில் கோச் விடுமுறையில் இருப்பார், படிவம் அப்படியே கிடக்கும். மே மாதம் பள்ளி மூடும் முன்பே பழைய கோச்சிடம் நேரில் போய், குடும்பம் வீடு மாறுகிறது என்று சொல்லிவிடுங்கள். யூனிஃபார்ம், ராக்கெட் பை எது பள்ளியுடையதோ திருப்பிக் கொடுத்து நல்லபடியாக விடைபெறுங்கள். ஏனென்றால் அவரிடம் கேட்கப்படும் கேள்விகள் முக்கியமானவை: மாணவிக்கும் கோச்சுக்கும் மனக்கசப்பு இருந்ததா, டீமை விட்டு விலகினாளா, ஒழுங்கு நடவடிக்கை இருந்ததா, விளையாட்டுக்காகப் போகிறாள் என்று நினைக்க இடமிருக்கிறதா. இந்தக் கடைசிக் கேள்விக்கு "ஆம்" என்று வந்தால் கமிட்டி விசாரணை வைக்கும்.

எதையெல்லாம் சந்தேகமாகப் பார்ப்பார்கள்? பள்ளிக்கு வெளியே பயிற்சி கொடுக்கிற அகாடமி கோச்தான் புதுப் பள்ளியின் கோச்சும் என்றால் அது ஒன்று. அதே அகாடமிப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் ஒரே நேரத்தில் ஒரே பள்ளிக்கு வந்தால் இன்னொன்று. சேரும் முன்பே புதுக் கோச்சோடு டீமில் இடம் பற்றிப் பேசியிருந்தால் அது மிக மோசம். சேர்க்கை முடியும்வரை நீங்கள் பேச வேண்டியது மாணவர்களுக்கு ஆலோசனை சொல்லும் பள்ளிக் கவுன்சிலரிடமும் சேர்க்கைப் பதிவைப் பார்க்கும் ரிஜிஸ்ட்ராரிடமும்தான். "அடுத்த வருஷம் இந்த டீமில் கலக்கப்போறேன்" என்று மகள் இன்ஸ்டாகிராமில் எழுதாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கமிட்டி எதிராகத் தீர்த்தால் மாநில அளவிலான ஸ்டேட் எக்ஸிக்யூட்டிவ் கமிட்டியிடம் முறையீடு செய்யலாம். பெற்றோர் குடியிருப்பு விதியில் விலக்கு கேட்பது வேறு வழி. அது வெய்வர் ஆபிசரிடம் போகும், உங்கள் கையை மீறிய காரணம் இருக்க வேண்டும். பில்டர் தாமதம் அந்த வகையில் நிற்கும் என்று நம்பி உட்காராதீர்கள்.

பிளேனோ வாசி

இருவருக்கும் மிக்க நன்றி. நால்வரும் சேர்ந்து ஜூலை கடைசியிலேயே அப்பார்ட்மெண்ட் போவது என்று யோசிக்கிறோம். ஒருவேளை முடியாமல் அக்டோபரில் நேராகப் புது வீட்டுக்கே போனால்?

பேஸ்லைன்

அப்படியானால் ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை ஜேவி மட்டும். டீம் டென்னிஸ் இலையுதிர்காலத்தில் நடப்பது, அக்டோபர் முடிவதற்குள் டிஸ்ட்ரிக்ட் ஆட்டங்கள் முடிந்துவிடும். அதை விட்டுக்கொடுத்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள். தனிநபர், இரட்டையர் ஆட்டங்கள் வசந்தகாலத்தில்தான். அதற்குள் குடியேறி ஆவணம் கொடுத்துக் கமிட்டியும் ஏற்றுவிட்டால் இறங்கலாம். இதுவும் மோசமான வழி இல்லை. ஒரு குடும்பத்தை ஆறு மாதத்தில் இரண்டு முறை இடம் மாற்றுவதைவிட இதுவே மேல் என்றுகூட எனக்குத் தோன்றுகிறது.

குடியேறிய பிறகு ஒரு காலண்டர் வருடமாவது அங்கேயே இருக்க வேண்டும். நடுவில் அந்த ஸோனை விட்டுப் போனால் புதுப் பள்ளியில் தகுதி போகும்.

குடும்பம் மாறாமல் மாணவி மட்டும் பள்ளி மாறுகிறவர்களுக்கு ஒரு கணக்கு: ஒரு வருடம் என்பது கல்வி வருடம் அல்ல, சேர்ந்த தேதியிலிருந்து 365 நாள். ஜனவரியில் மாறினால் அடுத்த ஜனவரிவரை. அந்த வசந்தகால ஆட்டங்களும் அடுத்த இலையுதிர்கால டீம் டென்னிஸும் கைவிட்டுப் போகும். ஆகஸ்டில் மாறினால் அந்த இலையுதிர்காலமும் அடுத்த வசந்தகாலமும் போகும்.

மூன்றாவது செட்

வோட்டர் பதிவு பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை, அதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. விதியில் அது உண்டு, ஆனால் பழைய முகவரியில் பதிவு செய்தவர்கள் புது முகவரிக்கு மாற்ற வேண்டும் என்பதுதான் அதன் பொருள். எச்-1பி, கிரீன் கார்டு எதுவானாலும் குடிமகன் அல்லாதவர் வாக்காளராகப் பதியவே கூடாது. தெரியாமல் டிக் அடித்தாலும் குடியேற்ற வழக்கில் மிகப் பெரிய சிக்கல், நாடுகடத்தல்வரை போகலாம். படிவத்தில் அந்தக் கேள்வி வந்தால் "குடிமக்கள் அல்ல, பொருந்தாது" என்று எழுதுங்கள். டிபிஎஸ்ஸில் முகவரி மாற்றும்போதும் வாக்காளர் பதிவுக் கேள்வி வரும், அங்கேயும் "இல்லை". அதற்குப் பதில் உங்களுக்கு வேறொரு ஆதாரம் இருக்கிறது: முகவரி மாறிய 10 நாளுக்குள் ஏஆர்-11 (குடியேற்றத் துறைக்கான முகவரி மாற்றப் படிவம்) தாக்கல் செய்வது எப்படியும் கட்டாயம். குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போட்டு, அந்த உறுதிப் பக்கத்தை அச்செடுத்து பிஏபிஎஃப் ஆவணங்களோடு இணையுங்கள். கமிட்டிக்கு அது நல்ல சாட்சி.

கோவை டு ஹூஸ்டன்

இதே இழையில் கேட்டுவிடுகிறேன். அக்கா பையன் கோவையிலிருந்து வந்து எங்களோடு தங்கி இங்கே படித்தால் டென்னிஸ் ஆடலாமா? பெற்றோர் அங்கேதான் இருப்பார்கள்.

மூன்றாவது செட்

வார்சிட்டிக்குக் கடினம். பெற்றோர் உயிரோடு இருக்கும்போது காப்பாளர் நியமனம் கவுண்டி கிளார்க் அலுவலகத்தில் பதிவாகி ஒரு வருடம் கடந்திருக்க வேண்டும், அந்த ஒரு வருடமும் பையன் உங்களோடே வசித்திருக்க வேண்டும். சட்டப்படி காப்பாளர் இல்லையென்றால் மூன்று வருடம் உங்களிடம் தங்கி உங்கள் செலவில் வளர்ந்திருக்க வேண்டும். நோட்டரி கையெழுத்து வாங்கிய கடிதம் இதற்கு ஈடாகாது. அதைவிட முன்னால் விசாவைப் பாருங்கள். எஃப்-1 மாணவர் விசாவில் பொதுப்பள்ளியில் ஹைஸ்கூல் படிப்பது அதிகபட்சம் 12 மாதம்தான், அதுவும் முழுச் செலவைக் கட்டி.

வயதையும் பாருங்கள். செப்டம்பர் 1ஆம் தேதி 19 வயது நிறைந்திருக்கக் கூடாது. 9ஆம் வகுப்பில் முதலில் சேர்ந்ததிலிருந்து தொடர்ந்து நான்கு வருடம்தான் தகுதி, அதனால் இங்கே வந்து ஒரு வகுப்பு கீழே போட்டால் கடைசி வருடம் போய்விடும்.

கேட்டி தமிழ்

பிளேனோ சகோதரிக்கு விட்டுப்போன இரண்டு. 11ஆம் வகுப்பு ஹைஸ்கூலின் மூன்றாம் வருடம், ஆகவே புதிதாக மருத்துவப் பரிசோதனைப் படிவம் வேண்டும். பல ஐஎஸ்டிகள் வருடாவருடம் கேட்கின்றன. அது இல்லாமல் பயிற்சிக்கே விடமாட்டார்கள். மற்றது கிரெடிட், அதாவது பாடங்களில் தேறிச் சேர்க்கும் புள்ளி. மூன்றாம் வருடம் தொடங்கும்போது மொத்தம் 10 கிரெடிட் இருக்க வேண்டும், அல்லது கடந்த 12 மாதத்தில் 5 எடுத்திருக்க வேண்டும். டிரான்ஸ்கிரிப்ட் (மதிப்பெண் பட்டியல்) வந்து சேரத் தாமதமானால் இதுவும் நிற்கும், கையோடு ஒரு பிரதி எடுத்துப் போங்கள்.

பெற்றோர் குடியிருப்பு விதி வார்சிட்டி விளையாட்டுக்கு மட்டுந்தான். யுஐஎல் கணிதம், டிபேட், இசைப் போட்டிகளுக்கு அது கிடையாது. பள்ளி தொடங்கி ஆறாவது வகுப்பு நாளுக்குள் சேர்ந்திருந்தாலோ, போட்டிக்கு 15 நாள் முன்பே சேர்ந்திருந்தாலோ மகள் அவற்றில் பங்கெடுக்கலாம்.