நாமக்வாலாந்து டெய்சி விதைகள் முளைக்கவில்லை: வழி சொல்லுங்கள்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

கேப் டவுனில் வசிக்கும் நான், தென்னாப்பிரிக்காவின் வடமேற்கிலுள்ள நாமக்வாலாந்துக்கு உரிய ஆரஞ்சு நிறக் காட்டு டெய்சியை (டிமார்போதீகா சினுவேட்டா) வீட்டுத் தோட்டத்தில் வளர்க்க முயன்று வருகிறேன். பெரும்பகுதியில் ஆண்டு மழை 250 மில்லிமீட்டரைக்கூட எட்டாத அந்த வறண்ட நிலம், குளிர்கால மழைக்குப் பின் ஆகஸ்ட், செப்டம்பரில் இந்தப் பூக்களால் நிறைந்துவிடுவதை ஒருமுறை நேரில் பார்த்தவர்களால் மறக்க இயலாது. வெயில் ஏறினால் சூரியனை நோக்கி விரியும் அவை, மேகம் மூடினால் இதழ்களைச் சுருக்கிக்கொள்ளும்.

இச்செடி ஒரே பூங்கொத்தில் இரு வகை விதைகளைத் தருகிறது: நடுவிலுள்ள வட்டுச் சிறுமலர்களிலிருந்து தட்டையான, இறக்கை கொண்ட விதைகளும், சுற்றிலுமுள்ள கதிர்ச் சிறுமலர்களிலிருந்து இறக்கையற்ற, சொரசொரப்பான விதைகளும் கிடைக்கின்றன. டிமார்போதீகா என்ற பெயரே இதனால் வந்ததுதான்.

சென்ற ஆண்டு என் தொட்டிச் செடிகளில் சேகரித்த இரு வகைகளையும் இந்த ஏப்ரலில் மணல் கலந்த மண்ணில் தனித்தனியே விதைத்தேன். இறக்கையுள்ளவற்றில் பாதிக்கு மேல் முளைத்துவிட்டன. மற்றவை ஆறு வாரமாகியும் அசையவில்லை. அழுகவும் இல்லை என்பதால் அவற்றை எறிய மனம் வரவில்லை.

இவ்வகை விதைகளின் உறக்கத்தைக் கலைத்தவர்கள் இங்கு இருந்தால், மேலோட்டைத் தேய்ப்பது பயன் தருமா, அல்லது ஒரு கோடை முழுவதும் உலர வைத்து அடுத்த இலையுதிர் காலத்தில் விதைப்பதே சரியா என்று தெரிவிக்க வேண்டுகிறேன். எந்த முறையில் எத்தனை நாளில் முளைத்தது என்ற விவரமும் பேருதவியாக இருக்கும்.