சென்னைக்கு அடுத்த குப்பைக் கிடங்கு எங்கே? கைவிட்ட கல்குவாரிகள் பொருந்துமா?

நகரமைப்பு மாணவி:
வணக்கம். சென்னைப் பெருநகரின் அடுத்த 25 ஆண்டுக் கழிவுகளுக்கான நிலநிரப்பு (குப்பையை விரிப்பின்மேல் கொட்டிப் புதைக்கும்) இடங்களைத் தெரிவு செய்வதே என் முதுகலைத் திட்டப்பணி. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளின்படி ஆற்றிலிருந்து 100 மீட்டர், குளம், நெடுஞ்சாலை, குடியிருப்பு, குடிநீர்க் கிணறு ஆகியவற்றிலிருந்து 200 மீட்டர், விமான நிலையத்திலிருந்து 20 கிலோமீட்டர் என்று வரைபடத்தில் விலக்கு எல்லைகளை இட்டேன். மீனம்பாக்கத்தையும் தாம்பரம் விமானப்படைத் தளத்தையும் சுற்றிய வட்டங்களே நகரின் பெரும்பகுதியை விழுங்கிவிட்டன. தடையில்லாச் சான்று பெற்றால் 10 கிலோமீட்டருக்கு அப்பால் அமைக்கலாம் என்ற விதிவிலக்கைக் கணக்கில் கொண்டாலும் மிஞ்சுவது குறைவுதான். மிஞ்சும் இடங்களுக்கு மதிப்பெண் இட்டு ஒப்பிடுகிறேன். புறநகரில் ஏற்கெனவே தோண்டிக் கிடக்கும் கல்குவாரிகளுக்குக் கூடுதல் மதிப்பெண் தரலாமா?

ஓய்வுபெற்ற நீரியல் பொறியாளர்:
தரக்கூடாது என்பதே என் கருத்து. மாங்காட்டை அடுத்த சிக்கராயபுரத்துக் கைவிட்ட குவாரிகளில் தேங்கிய நீரைத்தான் 2017 வறட்சியில் சுத்திகரித்துச் சென்னைக்குக் குடிநீராக வழங்கினார்கள். வெடிவைத்துப் பிளந்த பாறையில் விரிசல்கள் எங்கெங்கே ஓடுகின்றன என்பதை மேலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. குப்பையிலிருந்து ஊறும் கசிவுநீர் அவற்றின் வழியே இறங்கிவிட்டால் அதைத் திரும்ப எடுக்கவும் வழியில்லை. அடித்தளத்தில் 90 சென்டிமீட்டர் இறுகிய களிமண், அதன்மேல் 1.5 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் விரிப்பு, களிமண்ணுக்குக் கீழே குறைந்தது 2 மீட்டர் தாழ்வில் நிலத்தடி நீர் மட்டம் என்று விதிகள் கேட்கின்றன. செங்குத்தான குவாரிச் சுவரில் அந்தக் களிமண்ணை எப்படி நிறுத்தப் போகிறீர்கள்?

நில அளவர்:
வரைபடத்தை மட்டும் நம்ப வேண்டாம். கோடையில் எடுத்த செயற்கைக்கோள் படத்தில் வெறும் பொட்டலாகத் தெரியும் இடம், கிராம நிர்வாக அலுவலரிடமுள்ள, ஒவ்வொரு நிலத்தின் வகையையும் குறிக்கும் 'அ' பதிவேட்டில் ஏரிப் புறம்போக்காகவோ மேய்க்காலாகவோ (மேய்ச்சல் நிலம்) இருக்கும். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும் ஒருகாலத்தில் பயனற்ற நிலமென்று கருதப்பட்டதால்தான் பெருங்குடிக் கிடங்கு அதற்குள்ளேயே வளர்ந்தது; அதே சதுப்பு 2022இல் ராம்சர் தளமாயிற்று, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. ஆகவே ஒவ்வொரு புல எண்ணையும் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே மதிப்பெண் இடுங்கள்.

கொழும்பு வாசகர்:
எங்கள் அனுபவத்தையும் கருத்தில் கொள்ளுங்கள். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில் கொழும்பை அடுத்த மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் கொழும்பின் குப்பையைப் புத்தளம் மாவட்டத்து அருவக்காலுவுக்கு, சீமெந்துக்காகச் சுண்ணாம்புக்கல் அகழ்ந்த பகுதிக்கு, ரயிலில் கொண்டு செல்லும் திட்டம் முன்னெடுக்கப்பட்டது. புத்தளம் மக்கள் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். தலைநகரின் குப்பையை ஏறத்தாழ 170 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நாங்கள் ஏன் சுமக்க வேண்டும் என்ற அவர்களுடைய கேள்விக்கு உங்கள் மதிப்பெண் பட்டியலில் ஒரு நிரல்கூட இல்லை.

நகரமைப்பு மாணவி:
அனைவருக்கும் நன்றி. குவாரிகளை நீக்கிவிடுகிறேன், சுற்றுவட்டார மக்களின் ஏற்பைத் தனி அளவுகோலாகச் சேர்க்கிறேன். நிலத்தடி நீர் மட்டத்துக்கு எந்த மாத அளவீட்டை எடுப்பது? என்னிடம் இருப்பது மே மாத அளவீடு.

ஓய்வுபெற்ற நீரியல் பொறியாளர்:
கோடையில் நீர் மட்டம் தாழ்ந்திருக்கும்; மே மாத அளவீட்டை வைத்தால் எல்லா இடமும் தேறிவிடும்! விதி கேட்பது மிக உயர்ந்த நீர் மட்டத்தை. மத்திய நிலத்தடி நீர் வாரியம் நவம்பரிலும் ஜனவரியிலும் கிணறுகளை அளக்கிறது. வடகிழக்குப் பருவமழை நம் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்வதால் அவ்விரு மாத அளவீடுகளையே எடுங்கள். 2015 இறுதியில் பெருமழை கொட்டியதால், 2015 நவம்பர், 2016 ஜனவரி அளவீடுகள் கிடைத்தால் அவற்றையே அடிப்படையாகக் கொள்ளலாம். இன்னொன்று, மட்கும் குப்பையும் மறுசுழற்சிக்குப் போகக்கூடியவையும் நிலநிரப்புக்கு வரவே கூடாது என்று விதி இருக்கும்போது, நகரின் மொத்தக் குப்பைக்கும் இடம் தேடினால் தேவைப்படும் பரப்பு பல மடங்கு பெருகிவிடும். எனவே, தரம் பிரித்தபின் எஞ்சும் கழிவின் அளவை முதலில் கணக்கிட்டுக்கொண்டு, பிறகு நிலத்தைத் தேடுங்கள்.