தேசிய கீதத்தப்போ வீரர்கள் மண்டியிட்டத நேர்ல பாத்தவங்க இருக்கீங்களா? அனுபவம் சொல்லுங்க

சாண்டா கிளாரா வாசி

கேப்பர்னிக் கதை இங்க எல்லாருக்கும் தெரியும் (கருப்பினத்தவர் மேல போலீஸ் நடத்துற வன்முறைய எதிர்த்து தேசிய கீதத்துக்கு நிக்காம மண்டி போட்டவரு, அமெரிக்க ஃபுட்பால்ல சான் ஃபிரான்சிஸ்கோ நைனர்ஸ் டீமோட குவார்டர்பேக், அதாவது பந்த வீசி ஆட்டத்த நடத்துறவரு), நேரா விஷயத்துக்கு வரேன். 2016 செப்டம்பர் 12, திங்கக்கிழமை ராத்திரி, லெவிஸ் ஸ்டேடியம், ராம்ஸ் கூட ஆட்டம். ஆபீஸ் டிக்கெட், அஞ்சு பேரு போயிருந்தோம். எங்க டீம் லீட் ஒரு கருப்பினத்தவர், அம்பது தாண்டினவர், அவரோட அப்பா ராணுவத்துல இருந்தவர்.

கீதம் ஆரம்பிச்சதும் எங்க வரிசைல ஒருத்தர் கண்ணும் கொடி பக்கம் இல்ல, எல்லாரும் நைனர்ஸ் நிக்கிற ஓரத்ததான் தேடுறாங்க. கேப்பர்னிக்கும் எரிக் ரீடும் ஒத்த முட்டி போட்டு இருந்தாங்க, எலை ஹாரல்டும் பெத்தியாவும் நின்னுகிட்டே முஷ்டிய தூக்கினாங்க. எனக்குப் பின்னாடி இருந்தவரு "எழுந்திருடா"ங்கிற மாதிரி கெட்ட வார்த்தையோட கத்துறாரு. இந்தப் பக்கம் எங்க லீட் தொப்பிய கழட்டி நெஞ்சுல வச்சிகிட்டு, முழுப் பாட்டையும் சத்தமா, ஒரு வார்த்தை விடாம பாடுறாரு. முடிஞ்சதும் தொப்பிய போட்டுகிட்டு பின்னாடி திரும்பி அந்த ஆள பாத்து, "அந்தப் பையன் சொல்றதுல ஒரு பொய்யும் இல்ல"ன்னு நிதானமா சொல்லிட்டு, கார்லிக் ஃப்ரைஸ எடுத்து என்கிட்ட நீட்டினாரு. பின்னாடி இருந்தவரு அப்புறம் ஆட்டம் முடியிற வரைக்கும் வாய திறக்கல.

அன்னிக்கு 28-0ன்னு நைனர்ஸ் ஜெயிச்சாங்க, நடுவுல எவனோ மைதானத்துக்குள்ள ஓடினான், ஆபீஸ்ல மறுநாள் எல்லாரும் அதப் பத்திதான் பேசினாங்க. எனக்கு அவரு அவ்ளோ மனசார பாடினதும், திரும்பி அப்படி சொன்னதும்தான் இன்னமும் ஓடிகிட்டு இருக்கு. ரெண்டுமே அவருக்கு உண்மை. என்னால அத முழுசா புரிஞ்சுக்க முடியல. உங்கள்ல யாராவது இப்படி பக்கத்துல நின்னு பாத்திருந்தா எழுதுங்க.

ஹூஸ்டன் அம்மா

நான் எழுதணுமா வேணாமான்னு யோசிச்சுட்டுதான் எழுதுறேன். 2017 செப்டம்பர் கடைசி, ஹார்வி வெள்ளம் வந்துட்டுப் போயி ஒரு மாசம்தான் ஆகியிருந்துச்சு, மண்டி போடுறவங்கள டீம விட்டுத் துரத்தணும்னு ட்ரம்ப் அலபாமால பேசி ஆறாவது நாள், அந்த ஞாயித்துக்கிழமை இருநூறு வீரர்களுக்கு மேல என்எஃப்எல்ல, அதான் அமெரிக்க ஃபுட்பால் லீக்ல, உக்காந்தோ மண்டி போட்டோ இருந்தாங்களே, அந்த வாரம். என் பையன் ஸ்கூல்ல ஜேவி (ஜூனியர்) ஃபுட்பால் டீம்ல கிக்கர், பந்த உதைக்கிறவன், சின்ன வயசுலேந்து சாக்கர் ஆடினதால கிக்கர் ஆக்கிட்டாங்க. வியாழக்கிழமை சாயந்தரம் மேட்ச். கீதம் போடுறாங்க, மூணு கருப்பினப் பசங்க மண்டி போடுறாங்க, நாலாவதா இவனும் ஹெல்மெட்ட பக்கத்துல வச்சிட்டு முட்டி போடுறான். வீட்ல ஒரு வார்த்தை சொல்லல.

எனக்கு என்ன ஆச்சுன்னே தெரியல, "டேய் எந்திரிடா!"ன்னு தமிழ்ல கத்திட்டேன். பாட்டு ஓடிகிட்டு இருக்கு, அத்தன பேரும் அமைதியா நிக்கிறாங்க, என் குரல் மட்டும் கேக்குது. அவன் திரும்பல, ஆனா காது சிவந்தது எனக்கு அங்கேந்தே தெரிஞ்சுது.

ரெண்டு வரிசை கீழ ஒரு அம்மா, மண்டி போட்ட பசங்கள்ல ஒருத்தனோட அம்மா, திரும்பி என்னையே பாத்தாங்க. திட்டப் போறாங்கன்னு நெனச்சேன். பாதி ஆட்டத்துல மேல ஏறி வந்து பக்கத்துல உக்காந்து, "நீங்க என்ன சொன்னீங்கன்னு எனக்கு பாஷை புரியல, ஆனா என்ன சொல்லியிருப்பீங்கன்னு தெரியும், எனக்கும் அதேதான் தொண்டை வரைக்கும் வந்துச்சு"ன்னாங்க. அவங்க பையன் ராத்திரி கார் ஓட்டிகிட்டு வீட்டுக்கு வந்து சேர்ற வரைக்கும் தினமும் முழிச்சிருப்பாங்களாம். எனக்கு வேற பயம், எச்1பி, கிரீன் கார்டு க்யூல இருக்கோம், என் வீட்டுக்காரரோட வேலை. அந்த வாரமே எங்க ஊர் பக்கத்துல ஒரு தனியார் பள்ளிக்கூடத்துல இதுக்காகவே ரெண்டு பசங்கள டீம விட்டு எடுத்துட்டாங்கன்னு நியூஸ் வந்துச்சு. அதனால சொல்றேன், இன்னிக்கும் அந்த மாதிரி நடந்தா நான் கத்தத்தான் செய்வேன். ஆனா அவன் இப்போ வரைக்கும் அதப் பத்தி ஒரு வார்த்தை என்கிட்ட பேசினதில்ல.

டல்லாஸ் மாமா

@ஹூஸ்டன் அம்மா, நீங்க செஞ்சது சரி தங்கச்சி, யார் என்ன சொன்னாலும் மனசுல போட்டுக்காதீங்க. என் அனுபவம் சின்னது. ஆர்லிங்டன்ல கவ்பாய்ஸ் ஆட்டம், ஊர்லேந்து வந்திருந்த மச்சான் கீதம் பாடும்போது முதுகைக் காட்டிகிட்டு செல்ஃபி எடுத்தாரு, முன்னாடி இருந்த பெரியவரு அவர் தோள்ல கை வச்சு கொடி பக்கம் திருப்பி விட்டாரு. திட்டல, முறைக்கல, திருப்பி விட்டாரு அவ்ளோதான். அந்தக் கைய நான் மறக்கல.

புதுசா வர்றவங்களுக்கு சில விஷயம் சொல்லணும். கீதம் ஆரம்பிச்சா எழுந்துருங்க, கொடி எங்க இருக்குன்னு பாத்து அந்தப் பக்கம் திரும்புங்க, ஆம்பளைங்க தொப்பிய கழட்டுங்க. நாம குடிமக்கள் இல்லன்னா நெஞ்சுல கை வைக்கணும்னு இல்ல, பாடணும்னும் இல்ல, நேரா நின்னா போதும். கைல இருக்குற நாச்சோஸ், பீர் எல்லாத்தையும் கீழ வச்சிடுங்க. நடந்து போய்கிட்டு இருந்தா அப்படியே நில்லுங்க. பக்கத்துல யாராவது உக்காந்திருந்தா அவங்க பக்கம் பாக்காதீங்க, போட்டோ எடுக்காதீங்க, கருத்து சொல்லாதீங்க. ஆபீஸ்ல லஞ்ச் டைம்ல இந்தப் பேச்சு வந்தா எழுந்து தண்ணி பிடிக்கப் போயிடுங்க. கவ்பாய்ஸ் ஓனர் ஜெர்ரி ஜோன்ஸே 2017ல கிளெண்டேல்ல டீமோட சேந்து கீதத்துக்கு முன்னாடி மண்டி போட்டுட்டு, பாட்டுக்கு எழுந்து நின்னாரு, அதுக்கும் கூட்டம் கூச்சல் போட்டுச்சு. டீம் ஓனருக்கே அந்த நிலைமைன்னா நம்மள மாதிரி விசால இருக்குறவங்க ஒதுங்கி இருக்கிறதுதான் புத்திசாலித்தனம். பசங்களுக்கும் வீட்லயே உக்கார வச்சு சொல்லிடுங்க, ஸ்கூல் முடிச்சு காலேஜ் போயி சொந்தக் கால்ல நின்னதுக்கப்புறம் என்ன வேணா செய்யட்டும்.

சாண்டா கிளாரா வாசி

@டல்லாஸ் மாமா, மரியாதையோட மறுக்குறேன். உச்ச நீதிமன்றம் 1943லயே, அதுவும் போர் நடந்துகிட்டு இருக்கும்போதே, கொடிக்கு வணக்கம் வைக்கச் சொல்லி அரசாங்கப் பள்ளிக்கூடம் பசங்கள கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு தீர்ப்பு சொல்லிடுச்சு. தனியார் பள்ளிக்கூடம், தனியார் டீம்னா அந்தப் பாதுகாப்பு வராது, கேப்பர்னிக் மாட்டினது அங்கதான், மண்டி போட்டதாலதான் 2016 சீசனுக்கு அப்புறம் எந்த டீமும் அவர எடுக்கல. ஆனா அந்த அம்மாவோட பையன் அரசாங்கப் பள்ளின்னா அவன் செஞ்சது அவனோட உரிமை. ஒதுங்கி இருக்கச் சொல்லிக் குடுக்கிறதும் ஒரு பாடம்தான், அத பசங்க பிடிச்சுக்குவாங்க.

டென்வர் பெரியவர்

எல்லாரும் 2016லதான் இது தொடங்கினதா பேசறீங்க. நான் தொண்ணூறுல டென்வர் வந்தவன். 1996 பிப்ரவரி 4, பாஸ்கெட்பால்ல, அந்த சீசன்ல பிளேஆஃபுக்கு முன்னாடி மொத்தமே பத்து ஆட்டம்தான் தோத்த ஜோர்டனோட புல்ஸ், இங்க வந்து எங்க ஊர் டீம் நக்கெட்ஸ்கிட்ட 105-99 தோத்தது. நக்கெட்ஸ் ஆட்டக்காரர் மஹ்மூத் அப்துல்-ரவூஃப் 32 பாயிண்ட். டுரெட் நோய் இருக்கறவர், உடம்பு அவர் சொன்னபடி கேக்காது, ஆனா பந்து கைக்கு வந்தா அவரப் பிடிக்க முடியாது. எனக்கு டிக்கெட் குடுத்தவர் பக்கத்து கியூபிக்கிள்காரர், வெள்ளைக்காரர், ரொம்ப நல்ல மனுஷர், குரல் போற வரைக்கும் கத்தினார். மறுநாள் பேப்பர்ல வந்த அப்துல்-ரவூஃப் படத்த வெட்டி பார்டிஷன்ல குத்தி வச்சார்.

அப்துல்-ரவூஃப் அதுக்கு முன்னாடியே பல மாசமா கீதத்துக்கு நிக்காம இருந்திருக்கார், உள்ள ரூம்லயே இருப்பார், இல்ல ஓரமா உக்காந்து கால நீட்டி பயிற்சி செய்வார், ஒருத்தர் கண்ணுலயும் படல. மார்ச்ல ரேடியோல யாரோ பேச்ச எடுத்ததும் பத்திகிச்சு. மார்ச் 12 பாஸ்கெட்பால் லீக் என்பிஏ சஸ்பெண்ட் பண்ணாங்க, ஒரு ஆட்டத்துக்கு 31,707 டாலர் சம்பளம் போச்சு. அப்புறம் நிப்பேன், ஆனா கைய ஏந்தி என் பிரார்த்தனைய பண்ணிப்பேன்னு சமரசம் ஆச்சு. ரேடியோக்காரங்க இங்க ஒரு மசூதிக்குள்ள பூந்து டிரம்பெட்ல கீதத்த வாசிச்சாங்க, அதெல்லாம் இந்த ஊர்ல நடந்தது.

சஸ்பென்ஷன் நியூஸ் வந்த மறுநாள் காலைல ஆபீஸ் போறேன், பார்டிஷன்ல அந்தப் படம் இல்ல. குண்டூசி அப்படியே இருக்கு, அதுல பேப்பரோட ஒரு முனை கிழிஞ்சு ஒட்டிண்டிருக்கு. நான் ஒண்ணும் கேக்கல, அவரும் சொல்லல, எப்பவும் போல காபி போட்டுக் குடுத்தார். ஜூன்ல அப்துல்-ரவூஃப சாக்ரமெண்டோவுக்கு மாத்திட்டாங்க. பிப்ரவரிலேந்து மார்ச்சுக்குள்ள அந்த ஆட்டக்காரர்கிட்ட எதுவும் மாறலை, அதத்தான் நான் முப்பது வருஷமா யோசிச்சிண்டிருக்கேன்.

ரசிகன்_நெ12

நேர்ல பாத்ததில்ல, டிவிலதான். ஆனா ஒரு விஷயம் சொல்லியே ஆகணும். கேப்பர்னிக்க யாரும் எடுக்காததுக்கு மண்டி போட்டது மட்டும் காரணம்னு எழுதறது சரியில்ல. 2016ல அவர் ஆரம்பிச்ச 11 ஆட்டத்துல ஒண்ணுதான் ஜெயிச்சாங்க. டீம் 2-14. காயம், ஆபரேஷன்னு அவரோட வேகம் குறைஞ்சிருந்துச்சு. காசு போட்டு டீம் நடத்துறவன் இதையும் பாப்பான்ல.

சாண்டா கிளாரா வாசி

@ரசிகன்_நெ12, அதே சீசன்ல அவர் வீசினதுல 16 டச்டவுன் (பாயிண்ட் ஆன பாஸ்), 4 இன்டர்செப்ஷன் (எதிரணி பிடிச்ச பாஸ்) மட்டும்தான். அத விட மோசமா ஆடினவங்க எத்தன பேரு அடுத்த வருஷம் பேக்கப்பா சம்பளம் வாங்கினாங்க? 29 வயசுல ஆட்டம் முடிஞ்சு போற குவார்டர்பேக் எத்தன பேரு? 2017ல அவரு டீம் ஓனர்கள் சேந்து ஒதுக்கிட்டாங்கன்னு புகார் குடுத்தாரு, 2019 பிப்ரவரில லீக் அவரோட சமரசம் பண்ணிகிச்சு. 2020ல ஜார்ஜ் ஃப்ளாய்ட் போலீஸ் கைல செத்ததுக்கு அப்புறம் லீக் கமிஷனர் குடெல் வீரர்கள் சொன்னத காது குடுத்துக் கேக்காதது எங்க தப்புன்னு வீடியோ போட்டாரு, அதுல கேப்பர்னிக் பேரு கூட இல்ல. இதுக்கு மேல என்ன வேணும்?

தோஹா கார்த்தி

அமெரிக்கா பத்தி எனக்குத் தெரியாது, நான் பாத்தத சொல்றேன். 2022 நவம்பர் 21, கலீஃபா ஸ்டேடியம், கால்பந்து உலகக் கோப்பைல இங்கிலாந்து ஈரான் ஆட்டம். நாங்க இங்க ரெசிடென்ட்ங்கிறதால 40 ரியால் டிக்கெட். டிக்கெட் ஆப் திறக்காம வெளிய நின்னு வேர்த்து விறுவிறுத்து கடைசி நேரத்துல ஓடி உள்ள போனோம், எங்களுக்குக் கெடச்சது ஈரான்காரங்க நடுவுல.

ஹிஜாப் சரியா போடலன்னு ஈரான் போலீஸ் பிடிச்சுட்டுப் போன மஹ்சா அமினிங்கிற பொண்ணு செத்து ரெண்டு மாசம் ஆயிருந்த நேரம், அங்க போராட்டம் நடந்துகிட்டு இருந்துச்சு. கீதம் ஒலிக்குது, பதினோரு பேரும் தோளோட தோள் நிக்கிறாங்க, ஒருத்தன் ஒதடு கூட அசையல. சுத்தி இருந்த ஈரான்காரங்க சொந்த நாட்டுக் கீதத்துக்கு ஊஊன்னு கூச்சல் போடுறாங்க. பக்கத்து சீட்ல எங்க அக்கா வயசுல ஒரு பொம்பள, கன்னத்துல அவங்க கொடி கலர் பூசியிருந்தாங்க, ரெண்டு கையாலயும் காத இறுக்கி மூடிகிட்டு மைதானத்தையே பாத்துகிட்டு அழுவுறாங்க, கலர் கரைஞ்சு கழுத்துல எறங்குது. என்ன பண்றதுன்னு தெரியாம தண்ணி பாட்டில நீட்டினேன், வாங்கிகிட்டாங்க, கண்ணு மட்டும் மைதானத்த விட்டு நகரல. அப்புறம் கிக்ஆஃபுக்கு முன்னாடி இங்கிலாந்து டீம் இனவெறிய எதிர்த்து மண்டி போட்டுச்சு, நல்லா கைதட்டினாங்க. நானும் தட்டினேன். ஆனா மண்டி போட்டவங்க எல்லாம் ஊருக்குப் போனா வீட்ல நிம்மதியா தூங்கலாம், வாய மூடி நின்னவங்களுக்கு ஏர்போர்ட்ல யாரு காத்திருப்பாங்கன்னு தெரியாது. ஈரான் டிவில அந்த நேரம் வீரர்கள் முகத்த காட்டாம ஷாட்ட மாத்திட்டாங்கன்னு அப்புறம் படிச்சேன்.

6-2 தோத்தாங்க. வேல்ஸ் ஆட்டத்துக்கு மொத நாள் வோரியா கஃபூரிய, அவங்க பழைய இன்டர்நேஷனல் வீரர், கைது பண்ணாங்க. மறுநாள் வீரர்கள் ஒதடு அசைஞ்சுச்சு. டிவில பாத்துகிட்டு இருந்த என் ரூம்மேட் "பாத்தியா, பயந்துட்டானுங்க"ன்னான். எனக்கு அவன் மேல வந்த கோவம் இன்னும் அடங்கல. பயப்படக் கூடாதுன்னு சொல்ல நாம யாருங்க.

ரசிகன்_நெ12

@தோஹா கார்த்தி, இத படிச்சதும் ஒண்ணு சொல்லத் தோணுது. உண்மையான தைரியம் இதுதான், லட்சக்கணக்கா டாலர் சம்பளம் வாங்கிட்டு முட்டி போடுறத இது பக்கத்துல வைக்கவே கூடாது.

ஹூஸ்டன் அம்மா

@ரசிகன்_நெ12, தம்பி, என் பக்கத்துல உக்காந்த அந்த அம்மாகிட்ட போய் இத சொல்லுங்க பாப்போம். அவங்க பையனுக்கு ஏது சம்பளம்? ஒருத்தர் கஷ்டத்த காட்டி இன்னொருத்தர் கஷ்டத்த கொறைக்காதீங்க.

இண்டி பாலா

லேட்டா வந்துட்டேன். 2017 அக்டோபர் 8 இண்டியானாபோலிஸ்ல இருந்தேன், லூகாஸ் ஆயில் ஸ்டேடியம், எங்க கோல்ட்ஸ் டீமோட பழைய குவார்டர்பேக் பேட்டன் மேனிங் போட்ட நம்பர இனி யாருக்கும் குடுக்காம ரிட்டயர் பண்ண நாள், நைனர்ஸ் கூட ஆட்டம், முந்தின நாள்தான் அவருக்கு சிலை திறந்தாங்க. மொத்த ஊரும் 18ம் நம்பர் ஜெர்சில. துணை ஜனாதிபதி பென்ஸ் வர்றாருன்னு செக்யூரிட்டி க்யூ பயங்கரம். நைனர்ஸ் ஆளுங்க இருபது பேருக்கு மேல மண்டி போட்டாங்க, எங்க பக்கம் ஒரே கூச்சல், நானும் கூச்சல் போட்டேன், அன்னிக்கு மேனிங்குக்கான நாள்ங்கிறது என் எண்ணம், இப்பவும் அதேதான்.

கொஞ்ச நேரத்துல பாத்ரூம் க்யூல நிக்கிறோம், எல்லாரு போன்லயும் ஒரே நேரத்துல வருது, பென்ஸ் எழுந்து போயிட்டாருன்னு. எனக்கு முன்னாடி நின்ன பெரியவரு, கொடி போட்ட தொப்பி, எனக்கு மேல கூச்சல் போட்டவரு, போன ரெண்டு தடவ படிச்சாரு. "இவரு மேனிங்குக்காக வரலையா?"ன்னு கேட்டாரு. யாரும் பதில் சொல்லல. அவரு தொப்பிய கழட்டி, தலைய துடைச்சு, மறுபடி போட்டுகிட்டாரு. அப்புறம் ட்ரம்ப் ட்வீட் போட்டாரு, யாராவது மண்டி போட்டா கிளம்பி வந்துருன்னு தான்தான் பென்ஸ்கிட்ட சொன்னதா. மண்டி போட்டவங்க மேல எனக்கு இன்னமும் வருத்தம் இருக்கு, ஆனா அவங்க ஆட்டம் முடியிற வரைக்கும் அங்க இருந்து ஓவர்டைம்ல தோத்துட்டுப் போனாங்க. கீதத்துக்காக வந்ததா காட்டிகிட்டவரு மேனிங்குக்கு கைதட்டக் கூட இல்ல. எரிக் ரீட் ஆட்டம் முடிஞ்சதும் இது விளம்பரத்துக்குப் பண்ணதுன்னு சொன்னாரு, நான் கூச்சல் போட்ட அதே ரீட்தான், அவரு சொன்னத என்னால மறுக்க முடியல.

அன்னிக்கு லூகாஸ் ஆயில்ல இருந்தவங்க வேற யாராவது இங்க இருக்கீங்களா? கோல்ட்ஸ் வீரர்கள் கைகோத்து நின்னப்போ கருப்பு டி-ஷர்ட் போட்டிருந்தாங்க, உங்க பக்கம் அதுக்கு கைதட்டினாங்களா கூச்சல் போட்டாங்களா?