பொறுமையாக நில் என்றால் மட்டையே எழுவதில்லை: பேஸ்பால் மாணவன் ஒருவனைப் பற்றிய கேள்வி

காட்பாடி ஆசிரியர்:
அனைவருக்கும் வணக்கம். காட்பாடிக்கு அருகே ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். பேஸ்பால் அணிக்கும் நான்தான் பயிற்சி கொடுக்கிறேன். பாலாற்று மணலில் டென்னிஸ் பந்து கிரிக்கெட் ஆடி வளர்ந்த பதினொன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன் இருக்கிறான். கைவேகத்தில் அவனுக்கு இணையாக எங்கள் அணியில் யாரும் இல்லை. ஆனால் பந்தெறியும் பிட்சர் கையை விட்டுப் பந்து புறப்பட்டதுமே மட்டையைச் சுழற்றிவிடுகிறான். கணுக்காலுக்கு வருவதையும் விடுவதில்லை, எட்டாத தூரத்தில் போவதையும் விடுவதில்லை. நான்கு பந்துகள் தவறாக வந்தால் முதல் பேஸுக்கு நடந்தே போகலாம் என்று பலமுறை விளக்கிவிட்டேன். சென்ற மாதப் போட்டியில், இரண்டு ஸ்ட்ரைக் (அடிக்கத் தவறிய பந்து, அல்லது சரியான இடத்தில் வந்தும் அடிக்காமல் விட்ட பந்து; மூன்றானால் அவுட்) விழும்வரை அடிக்கவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினேன். மூன்றாவது பந்து நட்டநடுவில் வந்தபோதும் மட்டை அவன் தோளை விட்டு எழவில்லை. "எதை அடிப்பதென்றே தெரியாமல் போய்விட்டது சார்" என்று சொல்லிவிட்டுத் தலைகுனிந்து உட்கார்ந்தான். அவனைக் கெடுத்துவிட்டேனோ என்று கவலையாக இருக்கிறது.

குடியாத்தம் ரசிகர்:
அவன் போக்கிலேயே விடுங்கள் ஐயா. மண்ணில் குத்தி எழுந்த பந்தைக்கூட அடித்தவர் அமெரிக்க லீக் ஆட்டங்களில் புகழ்பெற்ற விளாடிமிர் குரேரோ. அவருடைய வாழ்நாள் சராசரி (மட்டை பிடித்த முறைகளில் வெற்றிகரமாக அடித்த பங்கு) .318, ஹோம் ரன்கள் (கிரிக்கெட் சிக்ஸர் போன்றவை) 449. 2018இல் சிறந்த ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமிலும் இடம்பெற்றார். கண்டதையும் அடிப்பவர் என்று பெயரெடுத்த யோகி பெர்ரா, 1950ஆம் ஆண்டில் 597 முறை மட்டை பிடித்து 12 முறைதான் ஸ்ட்ரைக் அவுட் ஆனார்.

ஆற்காட்டுப் பழைய ஆட்டக்காரர்:
குடியாத்தம் நண்பர் சொன்ன அந்த 12 என்ற எண்ணைத்தான் கவனிக்க வேண்டும். பெர்ரா மோசமான பந்தைத் துரத்தினார், ஆனால் அது அவர் மட்டையில் பட்டது. உங்கள் மாணவன் துரத்தும் பந்துகளில் எத்தனை மட்டையில் படுகின்றன என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். பெரும்பாலானவை படுமானால் அவனைத் தடுக்க வேண்டியதில்லை.

அவன் ஏன் சுழற்றுகிறான் என்பதும் எனக்குப் புரிகிறது. ஆறு ஓவர் ஆட்டத்தில் ஒரு பந்தை விட்டால் உடன் ஆடுபவர்களே திட்டுவார்கள். விட்டதற்குப் பலன் உண்டு என்பதை அவன் உடம்பு ஒருநாளும் கண்டதில்லை. கல்லூரியில் நான் ஆடியபோது எங்கள் பயிற்சியாளரும் "நில், நில்" என்று கத்திக்கொண்டே இருப்பார். நானும் உங்கள் மாணவனைப் போலவே சிலையாக நின்றேன். பிட்சருக்கும், அடிப்பவர் பக்கத்தில் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கும் இடையே 18.44 மீட்டர்தான்; மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து ஏறத்தாழ 0.4 நொடியில் வந்துவிடும். பள்ளிப் பிட்சரின் வேகம் குறைவுதான் என்றாலும், பார்த்து முடித்தபின் அடிக்கத் தொடங்கலாம் என்று நினைப்பவனுக்கு அங்கேயும் நேரம் போதாது. ஆகவே ஒவ்வொரு பந்துக்கும் "அடிக்கப்போகிறேன்" என்றே காலை எடுத்து வைக்க வேண்டும், பந்து பிடிக்கவில்லை என்றால் மட்டும் கையை நிறுத்த வேண்டும். 1941இல் .406 சராசரி வைத்த டெட் வில்லியம்ஸ், ஸ்ட்ரைக் ஜோனை (பந்து வந்தால் ஸ்ட்ரைக் ஆகும் பரப்பை) 77 பந்துகளின் பரப்பாகப் பிரித்து, நடுவில் வந்தால் தன் சராசரி .400, வெளிப்புறக் கீழ்மூலையில் வந்தால் .230 என்று கணக்கு வைத்திருந்தார். உங்கள் மாணவனிடமும், இரண்டு ஸ்ட்ரைக் விழும்வரை அவனுக்கு மிகவும் பிடித்த இடத்துப் பந்தை மட்டும் முழு வேகத்தில் அடிக்கச் சொல்லுங்கள். "அடிக்காதே" என்ற சொல்லே வேண்டாம். பந்துகளில் சிவப்பும் நீலமுமாகப் பொட்டு வைத்து, வரும்போதே நிறத்தைச் சொல்லவைப்பதும் கண்ணுக்கு நல்ல பயிற்சி.

ராணிப்பேட்டை:
ஒன்றை மறக்க வேண்டாம். பள்ளிப் போட்டிகளில் ஸ்ட்ரைக் ஜோன் நடுவருக்கு நடுவர் மாறும். முதல் இன்னிங்ஸில் அவர் எதையெல்லாம் ஸ்ட்ரைக் என்கிறார் என்று மாணவனைப் பார்த்துவைக்கச் சொல்லுங்கள்.

காட்பாடி ஆசிரியர்:
மிக்க நன்றி. வெயில் ஏறுவதற்கு முன், இன்று காலை ஆறரை மணிக்கே பொட்டு வைத்த பந்துகளோடு தொடங்கினோம். முதல் பத்துப் பந்துகளில் நிறத்தையும் தவறாகச் சொன்னான், மட்டையையும் சுழற்றினான். அதன்பின் முழங்காலுக்குக் கீழே இறங்கிய ஒரு பந்துக்கு முன்கால் போனது, இடுப்பு திரும்பத் தொடங்கியது, கை மட்டும் நின்றுவிட்டது. "நீலம் சார்" என்றான், நீலமேதான். அடுத்துத் தொடை உயரத்தில் வந்ததை வேலிக்கு அப்பால் அனுப்பினான். ஆற்காட்டு ஐயாவிடம் இன்னொன்று கேட்க வேண்டும்: கையை நிறுத்தும்போது மட்டையின் முனை பல நேரம் பிளேட்டைத் தாண்டிவிடுகிறது, போட்டியில் நடுவர் அதை ஸ்விங் என்று கொடுத்துவிடுவார். அதை இன்னும் சற்று முன்பே நிறுத்த என்ன பயிற்சி கொடுக்கலாம்?