பிரசவத்துக்குப் பின் முடி உதிர்வு: அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம் தோழிகளே. என் தங்கைக்குக் குழந்தை பிறந்து ஐந்தாம் மாதம் நடக்கிறது. தலைக்குக் குளித்தால் கொத்தாக முடி வருகிறது. பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லிப் பயமுறுத்துகிறார்கள் (வெங்காயச் சாறு சொல்லாத ஆளே இல்லை!).

தோல் மருத்துவர் பதறவில்லை. நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது யாருக்கும் இயல்புதான். கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் கூடுவதால், உதிர வேண்டிய முடியும் தலையிலேயே தங்கிவிடுகிறது. பிரசவத்துக்குப் பின் அந்த ஹார்மோன் குறைந்ததும் நிறைய முடி ஒரே சமயத்தில் ஓய்வு நிலைக்குப் போய், சில மாதங்களில் மொத்தமாகக் கொட்டுகிறது. வேர் சாவதில்லை, குழந்தையின் முதல் பிறந்தநாளை ஒட்டிப் பெரும்பாலோருக்குப் பழைய அடர்த்தி திரும்பிவிடுமாம். இரும்புச்சத்துக்கும் தைராய்டுக்கும் ரத்தப் பரிசோதனை எழுதியிருக்கிறார்.

இவளோ பயத்தில் தலைக்குக் குளிப்பதையே தள்ளிப்போடுகிறாள். நாலு நாள் உதிர வேண்டியது ஒரே நாளில் சேர்ந்து வந்தால் பயம் கூடத்தானே செய்யும்? இறுக்கிப் பின்னுவதை மட்டும் விட்டிருக்கிறாள்.

நான் கேட்பது இவைதான். பாலூட்டிய காலத்தில் வாரம் எத்தனை முறை தலைக்குக் குளித்தீர்கள்? சீயக்காயா, ஷாம்பூவா? ஈரத்தில் சிக்கெடுக்காமல் எப்படிச் சமாளித்தீர்கள்? உதிர்ந்த முடி குழந்தையின் கால்விரலில் சுற்றி இறுக்கிவிடும் ஆபத்து உண்டு என்பதால், முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டவர்கள் இருந்தால் அதையும் சொல்லுங்கள். மாத்திரை, எண்ணெய் விளம்பரங்கள் மட்டும் வேண்டாம்.