ஸ்கூபா முடித்து மலையேறிய தம்பிக்குத் தோள்வலி: பெண்ட்ஸாக இருக்குமா?

கோத்தகிரி அக்கா:
அவசரம் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். தம்பி நண்பர்களோடு புதுச்சேரிக்கு ஸ்கூபா போயிருந்தான். சனி, ஞாயிறு இரண்டு நாளும் பலமுறை கடலுக்குள் இறங்கியிருக்கிறார்கள், 18 மீட்டர் ஆழம் வரை. கடைசியாக நேற்று மதியம் 2 மணி வாக்கில் மேலே வந்திருக்கிறான். 4 மணிக்கே காரில் கிளம்பி, நள்ளிரவு தாண்டி வீடு வந்து சேர்ந்தான்.

காலையில் எழுந்ததிலிருந்து இடது தோளில் வலி. பை தூக்கியதால் வந்த பிடிப்பு என்கிறான். நீலகிரித் தைலம் தேய்த்துவிட்டேன், கேட்கவில்லை. தோளைச் சுற்றி அழுத்திப் பார்த்தேன். எந்த இடத்திலும் முகம் சுளிக்கவில்லை. கையைத் தூக்கினாலும் இறக்கினாலும் வலி கூடவும் இல்லை, குறையவும் இல்லை, உள்ளே குடைகிறதாம். சட்டையைக் கழற்றச் சொன்னால், வயிற்றின் பக்கவாட்டில் வலைப்பின்னலாகச் செந்நீலத் திட்டுகள். தேயிலைத் தோட்டத்துப் படியில் இறங்கும்போது இடது கால் மரத்துப்போனதாகப் பக்கத்து வீட்டு அண்ணனிடம் சொல்லியிருக்கிறான், என்னிடம் மறைத்துவிட்டான்.

விரலில் மாட்டும் கருவி ஆக்சிஜன் 96 என்று காட்டுகிறது. ஆழத்தையும் நேரத்தையும் கணக்குப் பார்க்கும் டைவ் கம்ப்யூட்டர் எச்சரிக்கவில்லை, விமானத்திலும் ஏறவில்லை, பிறகென்ன பயம் என்று போர்த்திப் படுத்திருக்கிறான். எனக்கு மனம் ஒப்பவில்லை.

குன்னூர் முக்குளிப்பாளர்:
அக்கா, உங்கள் மனம் சொல்வதுதான் சரி. நான் அந்தமானில் பயிற்சியாளராக இருந்தவன். மருத்துவர் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும். ஆனாலும் நீங்கள் எழுதியிருக்கும் தோள்வலி, தோல் திட்டு, கால் மரத்தல் மூன்றும் பெண்ட்ஸ் எனும் டிகம்ப்ரஷன் நோயைத்தான் சந்தேகிக்கச் சொல்கின்றன. ஆழத்தில் சுவாசித்த காற்றின் நைட்ரஜன் உடம்பில் கரைந்து, மேலே வந்தபின் குமிழியாவதுதான் அது. தசைப்பிடிப்பு என்றால் பெரும்பாலும் அழுத்தும்போதோ அசைக்கும்போதோ வலி மாறும். கால் மரத்துப்போவது நரம்பு சம்பந்தப்பட்டது, அதைத் தூங்கவைத்துப் பார்க்கக் கூடாது. 108-ஐ அழையுங்கள்.

96 என்ற எண்ணை நம்ப வேண்டாம். அது ரத்தத்தில் உள்ள ஆக்சிஜனைத்தான் சொல்லும், நைட்ரஜன் குமிழியைச் சொல்லாது. கம்ப்யூட்டர் காட்டும் எல்லைக்குள் இறங்கி ஏறியவர்களுக்கும் இது வருவதுண்டு.

விமானத்தில் ஏறவில்லை என்கிறார், மலை ஏறியிருக்கிறாரே! கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடற்கரையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் குஞ்சப்பனை தாண்டியதும் உப்பிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். உடம்பில் கரைந்து மிச்சமிருக்கும் நைட்ரஜனும் அப்படித்தான் குமிழியாகிப் பெரிதாகும். பல நாள் தொடர்ந்து முக்குளித்தவர்கள் 18 மணி நேரமாவது விமானம் ஏறக் கூடாது என்ற விதி 600 மீட்டருக்கு மேற்பட்ட மலைக்கும் பொருந்தும். தம்பி 11 மணி நேரத்தில் மேலே வந்துவிட்டார்.

மருத்துவமனையில் "கடலுக்குள் ஸ்கூபா போய்விட்டு அன்றிரவே மலையேறினான்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். மலையில் இருக்கும் மருத்துவர் இந்த நோயாளியை அடிக்கடி பார்த்திருக்க மாட்டார். முகமூடி வழியாக முழு அளவில் ஆக்சிஜன் வேண்டும். அதுவரை மல்லாந்து படுக்கட்டும். சிறுநீர் தடையின்றிப் போகிறதா என்று கேளுங்கள், கூச்சப்பட்டு மறைப்பார். டைவ் கம்ப்யூட்டரையும் கையோடு கொண்டுபோங்கள், எத்தனை மீட்டர், எத்தனை நிமிடம் என்பதெல்லாம் அதில் பதிவாகியிருக்கும்.

கொடைக்கானல்காரி:
எங்கள் ஊர் இன்னும் உயரம், 2,100 மீட்டர். கடலுக்குப் போய்வரும் எங்கள் வீட்டுப் பிள்ளைகளை அன்றிரவு வத்தலக்குண்டு உறவினர் வீட்டிலேயே தங்கவைத்து, மறுநாள்தான் மலையேறச் சொல்வேன். அக்கா, போய்ச் சேர்ந்ததும் ஒரு வரி எழுதுங்கள்.

கோத்தகிரி அக்கா:
மருத்துவமனையில் இருக்கிறோம். ஆக்சிஜன் வைத்து முக்கால் மணி நேரம் ஆகிறது. தோள்வலி பாதியாகக் குறைந்துவிட்டது, வீட்டுக்குப் போகலாம் என்று பிடிவாதம் பிடிக்கிறான். காரில் உடன் வந்த நண்பன் நேராக ஊட்டிக்குப் போய்விட்டான், அவனை நினைத்தும் கவலையாக இருக்கிறது.

குன்னூர் முக்குளிப்பாளர்:
வீட்டுக்கு விடாதீர்கள். ஆக்சிஜனில் வலி குறைவது நல்லதுதான், ஆனால் அது முதலுதவி. முகமூடியைக் கழற்றியதும் வலி திரும்பிவிடுவதுண்டு. உயர் அழுத்த அறைக்குள் வைத்து ஆக்சிஜன் கொடுப்பதுதான் சிகிச்சை; ஒரு சுற்றே ஐந்து மணி நேரத்தை நெருங்கும். கோவையிலோ வேறெங்கோ அனுப்பும் முன், முக்குளிப்பாளரைச் சேர்த்துக்கொள்வார்களா என்று மருத்துவரையே தொலைபேசியில் கேட்கச் சொல்லுங்கள். புண் ஆற்றுவதற்கென்று வைத்திருக்கும் எல்லா அறைகளும் இதற்குப் போதுமான அழுத்தம் தருவதில்லை. முக்குளிப்பாளர்களுக்கு உதவும் டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் அமைப்பின் 24 மணி நேர அவசர எண்ணில் மருத்துவர் ஆலோசனையும் பெறலாம். கீழே இறங்கும் வழியெல்லாம் ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

நண்பரை இப்போதே அழைத்துப் பேசுங்கள். வலி, மரத்தல், தலைசுற்றல், காரணமில்லாத அசதி ஏதாவது ஒன்று இருந்தாலும் அவரும் மருத்துவமனைக்கு வர வேண்டும், தானே கார் ஓட்டிக்கொண்டு வரக் கூடாது. ஒன்றுமில்லை என்றால் இன்றைக்குத் தொட்டபெட்டா பக்கம் போகாமல் அறையிலேயே இருக்கட்டும், துணைக்கு ஒருவரோடு.

கோத்தகிரி அக்கா:
ஆம்புலன்ஸ் தயார். கோவையில் சேர்த்துக்கொள்கிறார்கள், மருத்துவரே பேசிவிட்டார். நண்பனுக்கும் காலையிலிருந்து தலைசுற்றலாம், குளிரால் என்று நினைத்தானாம். அவன் அப்பா அவனை ஊட்டியில் மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறார்.